நம்ம ஓவிய மாஸ்டருங்க படைப்புகளை எப்படி சேர்க்கிறது, எங்க வைக்கிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாண்டி, கடலூர் பக்கம் ஓவியமும் சிற்பமும் படிச்ச நாங்க கொஞ்ச பேரு, எங்களுக்குப் பாடம் எடுத்தவங்க வரைஞ்சது, செஞ்சது எல்லாத்தையும் தேடிப்பிடிச்சு பதிவு பண்ணிட்டு வர்றோம். ஒருநாள் இது பல்கலைக்கழகத்தோட நிரந்தர சேகரிப்பா மாறணும், பசங்க தாளைத் தொட்டுப் பாத்துப் படிக்கணும்ங்கிறதுதான் எண்ணம். பழைய ஸ்டூடண்ட்ஸ், மாஸ்டருங்க வீட்டுக்காரங்க, இப்ப படிக்கிற பசங்கன்னு எல்லாரும் திரும்பத் திரும்ப கேக்குறதை இங்க எழுதியிருக்கேன்.

பெரிய ஓவியருங்க படம்தான் மியூசியத்துல இருக்கே, வாத்தியாருங்க படத்தை ஏன் தனியா சேர்க்கணும்?

நம்ம ஊர்ல பெரிய ஓவியர்னு சொல்ற பாதிப்பேரு வாத்தியாருங்கதான், அதை யாரும் சேர்த்து யோசிக்கிறதில்ல. மெட்ராஸ்ல 1850ல அலெக்சாண்டர் ஹண்டர்னு ஒரு டாக்டர் ஆரம்பிச்ச ஸ்கூல்தான் இன்னைக்கு எழும்பூர்ல இருக்கிற அரசு கவின்கலைக் கல்லூரி. அங்க 1929ல பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, மெரினாவுல உழைப்பாளர் சிலை செஞ்சவர். அந்த சிலைகிட்ட நின்னு போட்டோ எடுத்துக்கிற லட்சக்கணக்கான பேர்ல, இவரு இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஒரு காலேஜை நடத்தினாருன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? அவருகிட்ட படிச்ச கே.சி.எஸ். பணிக்கர் அங்கயே மாஸ்டராகி 1957ல பிரின்சிபால் ஆனாரு, தனபால் மாஸ்டரும் அங்கயே படிச்சு அங்கயே பாடம் எடுத்து 1972ல பிரின்சிபால் ஆனாரு, அவங்ககிட்ட படிச்ச சந்தானராஜ், முனுசாமி எல்லாரும் அடுத்த தலைமுறைக்கு மாஸ்டரானாங்க.

ஒருத்தர் கையிலேருந்து இன்னொருத்தர் கைக்கு கோடு எப்படிப் போச்சுன்னு பாக்கணும்னா, ஆளுக்கு ஒரு மாஸ்டர்பீஸ் தனித்தனியா எங்கயோ தொங்குறது போதாது. குருவோட தாள், சிஷ்யனோட தாள் ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கணும். அந்த வேலையை ஒரு பல்கலைக்கழகம்தான் செய்ய முடியும், காலரிங்க செய்யாது, அவங்க தொழில் வேற.

பாண்டிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? எல்லாம் சென்னைக் கதையா இருக்கே

நிறைய சம்பந்தம் இருக்கு. அரியாங்குப்பத்துல பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கு, காலாப்பட்டுல இருக்கிற புதுச்சேரி பல்கலைக்கழகத்தோட இணைப்புல வர்றது, ஓவியம், சிற்பம், இசை, நடனம்னு எல்லாம் ஒரே வளாகம். சென்னையிலயும் கும்பகோணத்துலயும் படிச்சவங்க இங்க வந்து பாடம் எடுத்திருக்காங்க, அப்ப மேல சொன்ன சங்கிலியோட ஒரு கண்ணி இங்கயும் இருக்கு. அதுபோக கே.ஜி. சுப்பிரமணியன் பேரு கேள்விப்பட்டிருப்பீங்க, பரோடாவுலயும் சாந்திநிகேதன்லயும் தலைமுறை தலைமுறையா மாணவர்களை உருவாக்கினவரு, அவரு வளர்ந்தது மாஹேயில. மாஹே புதுச்சேரி யூனியன் பிரதேசம்தான், இந்தியக் கலைக்கல்வியோட இவ்ளோ பெரிய வாத்தியார் நம்ம பிரதேசத்துப் பையன்னு இங்க படிக்கிற பசங்களுக்கே யாரும் சொல்லிக்குடுக்கிறதில்ல, எனக்கு அதுல ரொம்ப வருத்தம்.

இன்னொண்ணு, வில்லியனூர் சுடுமண் வேலை பண்றவங்க, திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மை பண்றவங்க. இவங்களும் வாத்தியாருங்கதான், சர்டிபிகேட் மட்டும் குடுக்கல. பல்கலைக்கழக சேகரிப்புன்னு ஒண்ணு வந்தா அதுல இவங்களுக்கும் இடம் இருக்கணும்ங்கிறது என் கருத்து, எங்களுக்குள்ளயே இதுல சண்டை உண்டு.

சேர்க்கணும்னா எதையெல்லாம்? ஃப்ரேம் போட்ட பெயிண்டிங் மட்டும் போதுமா?

ஃப்ரேம் போட்டது எப்படியாவது பொழைச்சுக்கும், யாரோ ஒருத்தர் வீட்டு ஹால்ல தொங்கும். அழிஞ்சு போறது மத்ததுதான்.

லைஃப் ஸ்டடி கிளாஸ்ல, அதாவது ஒரு ஆளை மாடலா வச்சு வரையற கிளாஸ்ல, மாஸ்டர் பின்னாடி வந்து நிப்பாரு, நம்ம கையிலேருந்து கரித்துண்டை வாங்கி, தாளோட ஓரத்துல உள்ளங்கை அளவுக்கு ஒரு தோள்பட்டை போட்டுக் காட்டிட்டுப் போயிடுவாரு. என்கிட்ட அப்படி ஒரு தாள் இருக்கு, அரை இம்பீரியல் சைஸ் கார்ட்ரிட்ஜ் பேப்பர் (தடியான வரைபடத் தாள்), நடுவுல நான் வரைஞ்ச பெரிய உருவம் விறைச்சுக்கிட்டு நிக்குது, வலது பக்க மூலையில காவிக் கலர் கான்டே குச்சியில மாஸ்டர் போட்ட ஆறேழு கோடு. கழுத்தெலும்பு எங்க ஆரம்பிச்சு தோள்ல எங்க முடியுது, உடம்போட பாரம் எந்தக் கால்ல நிக்குதுங்கிறது அந்த ஆறேழு கோட்டுல முடிஞ்சிருச்சு. அதுல கையெழுத்து கிடையாது, தேதி கிடையாது, ஏலத்துல யாரும் சீண்ட மாட்டாங்க. ஆனா பாடம் எப்படி நடந்துச்சுங்கிறதுக்கு இதைவிட நேரடி சாட்சி வேற எது? பழைய ஸ்டூடண்ட்ஸ் எல்லாரும் பரண்ல, டிரங்குப் பெட்டியில, போர்ட்ஃபோலியோவுல இந்த மாதிரி தாள் இருக்கான்னு முதல்ல பாருங்க.

அப்புறம் பத்திரிகைக்கு வரைஞ்சது. ஓவியர் ஆதிமூலம், எழுத்தாளர் கி.ரா (கி. ராஜநாராயணன்) எழுத்துக்குப் போட்ட கோட்டோவியங்களை எல்லாரும் அச்சுல பாத்திருப்போம், கி.ரா நம்ம பாண்டியிலயே வாழ்ந்து பல்கலைக்கழகத்துல நாட்டார் வழக்காறு வேலை பண்ணவரு. அந்தக் காலத்துல பல ஓவியருங்க, மாஸ்டருங்க சிறுபத்திரிகைக்கு காசு வாங்காம வரைஞ்சு குடுத்தாங்க, அச்சடிக்க பிளாக் எடுக்கன்னு பிரஸ்ஸுக்குப் போன ஒரிஜினல்ல நிறைய திரும்பி வரல. பழைய சிறுபத்திரிகை நடத்தினவங்க வீட்டுல கேட்டுப் பாருங்க.

சிற்பம்னா பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மாடல், மோல்டு, மெழுகு வடிவம். அதுலேருந்து வார்த்த வெண்கலத்தைப் பத்திரமா வச்சிருப்பாங்க, பிளாஸ்டரை வெள்ளையடிக்கும்போது வெளிய தூக்கிப் போட்டுருவாங்க, மாஸ்டரோட விரல் பட்டது அந்த பிளாஸ்டர்லதான்.

கண்காட்சி கேட்டலாக், அழைப்பிதழ், ஸ்கெட்ச் புக், பாடக்குறிப்பு, கலர் சார்ட், டூர் போன குரூப் போட்டோ, எல்லாம் வேணும். ஞாயித்துக்கிழமை காந்தி வீதி சண்டே மார்க்கெட்ல பழைய புத்தகக் குவியலைக் கிளறுங்க, கேட்டலாக் கிடைக்க வாய்ப்பு இருக்கு.

மாஸ்டர் தவறிட்டாரு, அவங்க வீட்டுக்குப் போய் எப்படிப் பேசுறது?

மெதுவா. முதல் தடவை போகும்போது படத்தைப் பத்தி ஆரம்பிக்காதீங்க, நீங்க எந்த பேட்ச், மாஸ்டர் உங்களுக்கு என்ன சொல்லிக்குடுத்தாருன்னு சொல்லுங்க. அவங்க வீட்டம்மாவுக்கு அதுதான் வேணும், வீட்டுல பேசாத மனுஷன் கிளாஸ்ல எப்படிப் பேசுனாருன்னு அவங்களுக்குத் தெரியாது. அம்மா, நாங்க எதையும் எடுத்துட்டுப் போக வரல, போட்டோ எடுத்து லிஸ்ட் போட்டுக் குடுக்கிறோம்னு தெளிவா சொல்லிருங்க, சொன்னபடியே நடந்துக்கோங்க.

நிறைய குடும்பத்துக்கு பழைய காயம் இருக்கு. யாரோ ஒருத்தர் வந்து எக்ஸிபிஷன் வைக்கிறேன்னு படத்தை வாங்கிட்டுப் போய் திருப்பியே தரலங்கிற கதையை வீட்டுக்கு வீடு கேக்கலாம். அதனால ஒரு துண்டு ஸ்கெட்ச் வாங்கினாலும் கையால ரசீது எழுதிக் குடுங்க, அளவு, மீடியம், என்ன நிலைமையில இருக்கு, எப்ப திரும்ப வரும்னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு, ஒரு காப்பி அவங்ககிட்ட. பசங்க வெளியூர்ல இருந்தா அவங்களையும் போன்ல கூப்பிட்டு சொல்லிருங்க, இல்லன்னா நாளைக்கு அம்மாவை ஏமாத்தி வாங்கிட்டாங்கன்னு பேச்சு வரும், அது அந்த அம்மாவுக்குத்தான் கஷ்டம்.

பேச அவங்க தயாரா இருந்தா, அனுமதி கேட்டு ரெக்கார்ட் பண்ணுங்க. படம் இன்னும் அம்பது வருஷம் இருக்கும், இந்த அம்மாவோட ஞாபகம் இருக்காது.

காசு குடுத்து வாங்கணுமா, இனாமா கேக்கலாமா?

ரிட்டயர்டு மாஸ்டருங்க சில பேரு ரொம்ப சிரமத்துல இருக்காங்க. குரு பக்தின்னு சொல்லிக்கிட்டு இனாமா கேக்கிறது எனக்கு சுத்தமா பிடிக்காது. வாங்க முடிஞ்சா நியாயமான விலை குடுத்து வாங்குங்க, முடியலன்னா அவங்க வீட்டுலயே இருக்கட்டும், நல்ல டிஜிட்டல் காப்பி எடுத்து வைங்க. குடும்பமா விரும்பி குடுத்தா நன்கொடைப் பத்திரம் எழுதி வாங்கிக்கலாம்.

ஒரு சட்ட விஷயம் தெரிஞ்சுக்கோங்க. காப்புரிமைச் சட்டம் 53ஏ பிரிவுல, ஒரிஜினல் படம் 10,000 ரூபாய்க்கு மேல மறுவிற்பனை ஆனா அதுல ஓவியருக்கோ அவரு வாரிசுக்கோ ஒரு பங்கு உண்டு, அதிகபட்சம் 10 சதவீதம். படத்துக்குக் காப்புரிமை இருக்கிற காலம் முழுக்க இது உண்டு. குடும்பத்துக்காரங்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்க, பெரும்பாலானவங்களுக்கு இப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது.

படம் என்கிட்ட இருக்கு, காலண்டர் அடிக்கலாமா, டீஷர்ட்ல போடலாமா?

கேக்காம செய்யக்கூடாது. தாள் உங்களோடது, காப்புரிமை பொதுவா ஓவியரோடதுதான், அவரு காலத்துக்கு அப்புறம் 60 வருஷம் வாரிசுகளுக்கு. எழுதி அனுமதி வாங்கிட்டு செய்ங்க. பல்கலைக்கழகம் வாங்கும்போதே, பாடத்துக்கும் கேட்டலாக்குக்கும் இணையத்துல காட்டுறதுக்கும் அனுமதின்னு பத்திரத்துலயே சேர்த்துட்டா பின்னாடி தலைவலி இல்ல.

காலேஜ் பழைய பில்டிங்கை இடிக்கப்போறாங்க, சுவத்துல மாஸ்டர் செஞ்ச ரிலீஃப் (புடைப்புச் சிற்பம்) இருக்கு, என்ன பண்றது?

முதல்ல இன்னைக்கே போட்டோ எடுங்க, நேரா, பக்கவாட்டுல, வெளிச்சம் சாய்வா விழற நேரத்துல, அளவுக்கு ஒரு ஸ்கேலை வச்சு. அப்புறம் நிர்வாகத்துக்கு எழுத்துல மனு குடுங்க, வாய்ல சொன்னா காத்துல போயிரும்.

மனுவுல சிற்பி அமர்நாத் சேகல் வழக்கைக் குறிப்பிடுங்க. டெல்லி விஞ்ஞான் பவன்ல அவரு செஞ்ச பெரிய வெண்கல சுவர்ச்சிற்பத்தை 1979ல கட்டட வேலைன்னு கழட்டி குடோன்ல போட்டாங்க, துண்டு துண்டா சேதமாச்சு. அவரு கேஸ் போட்டாரு, 2005ல டெல்லி ஹைகோர்ட் மிச்சம் இருக்கிறதை அவருகிட்டயே ஒப்படைக்கவும் 5 லட்சம் ரூபா நஷ்ட ஈடு குடுக்கவும் சொல்லுச்சு. காசு குடுத்து வாங்குன அரசாங்கமே ஆனாலும் கலைஞனோட படைப்பை இஷ்டத்துக்கு சிதைக்க முடியாதுன்னு நின்ன தீர்ப்பு அது. காப்புரிமைச் சட்டம் 57ஆம் பிரிவுல இருக்கிற இந்த உரிமையை வாரிசும் கேக்கலாம். சம்பளத்துல இருக்கும்போது வேலையோட பாகமா செஞ்சதான்னு ஒரு கேள்வி வரலாம், அதுக்கு வக்கீல்கிட்ட பேசிக்கோங்க. சிமென்ட் ரிலீஃபை சுவரோட அறுத்து எடுத்து வேற இடத்துல வைக்க முடியும், செலவாகும், ஆனா முடியும், கான்ட்ராக்டர் முடியாதுன்னு சொன்னதும் விட்டுராதீங்க.

பாண்டி, கடலூர் மாதிரி கடலோரத்துல காகித ஓவியத்தை எப்படிப் பாதுகாக்கிறது?

இதுதான் அதிகமா வர்ற கேள்வி, இதுக்குத்தான் நானும் அதிகமா கவலைப்படுறேன். 2011 டிசம்பர் 30 தானே புயல்ல கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவுல எத்தனை வீட்டு ஓடு பறந்துச்சு, 2015 மழையில கடலூர் மாவட்டம் மூழ்குச்சு, 2024ல ஃபெஞ்சல் புயல் வந்தப்ப பாண்டியில ஒரே நாள்ல 48 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு. ஒவ்வொரு தடவையும் யாரோ ஒரு மாஸ்டர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில இருந்த போர்ட்ஃபோலியோ ஊறிப்போகுது. அதனால முதல் விதி, தரையில வைக்காதீங்க, கட்டிலுக்கு அடியில வைக்காதீங்க, ஒழுகுற பரண்லயும் வைக்காதீங்க. இரும்பு பீரோவுல நடுத் தட்டு நல்ல இடம்.

புயல் இல்லாத நாள்லயும் ஈரம் சும்மா விடாது. காத்துல ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நின்னா பூஞ்சை பிடிக்க ஆரம்பிக்கும், நம்ம ஊர்ல அது பாதி வருஷம். அதனால படத்தை வெளிச்சுவத்துல மாட்டாதீங்க, ஃப்ரேமுக்கும் சுவத்துக்கும் நடுவுல கார்க் துண்டு வச்சு காத்து போக விடுங்க, கண்ணாடி தாள்மேல ஒட்டாம சுத்தி மவுன்ட் (அட்டை விளிம்பு) போடுங்க. மவுன்ட் போர்டு அமிலம் இல்லாததா கேட்டு வாங்கணும், சாதா அட்டை சில வருஷத்துல தாளைப் பழுப்பாக்கிரும். ஃபெவிகால், செலோடேப், மாஸ்கிங் டேப், லாமினேஷன், நாலும் கூடவே கூடாது. லாமினேஷன் பண்ணி பத்திரமா வச்சிருக்கேன்னு சந்தோஷமா காட்டுவாங்க, அந்த சூடும் பசையும் ஏறின தாளை அப்புறம் பிரிச்சு எடுக்க முடியாது. ராமபாணப் பூச்சிக்கும் கரையானுக்கும் மருந்து தாள்மேல அடிக்காம அலமாரிக்கும் சுவத்துக்கும் அடிங்க. தாளுக்கு நடுவுல வைக்க பருத்திக் கூழ் காகிதம் வேணும்னா நம்ம ஊர்லயே அரவிந்தர் ஆசிரமத்து ஹேண்ட்மேட் பேப்பர் ஃபேக்டரி இருக்கு, அமிலம் இல்லாததுதானான்னு மட்டும் கேட்டுக்கோங்க.

நனைஞ்சுட்டா: துடைக்காதீங்க, தேய்க்காதீங்க, வெயில்ல போடாதீங்க. ஒட்டாத தாளை ஒண்ணொண்ணா பிளாட்டிங் பேப்பர் (ஈரம் உறிஞ்சுற தாள்) மேல படுக்க வச்சு, ஃபேனை சுவத்துப் பக்கம் திருப்பி ஓட விடுங்க. படம் கண்ணாடியோட ஒட்டிக்கிச்சுன்னா உரிக்கவே உரிக்காதீங்க, கண்ணாடி கீழ இருக்கிற மாதிரி படுக்க வச்சு அப்படியே கன்சர்வேட்டர்கிட்ட (பழைய படைப்பைச் சீர் பண்றவங்க) கொண்டு போங்க. பாரம்பரியப் பாதுகாப்புக்கான இன்டாக் அமைப்புக்கு பாண்டியிலயே கிளை இருக்கு, யார்கிட்ட போகணும்னு அங்க கேளுங்க.

பல்கலைக்கழகமே ஏன் இத்தனை நாளா செய்யல?

கெட்ட எண்ணம்னு சொல்ல மாட்டேன், நடைமுறைதான் காரணம். அரசு காலேஜ்ல ஒரு பொருள் ஸ்டாக் ரெஜிஸ்டர்ல ஏறினாத்தான் அது பொருள். நாற்காலி ஏறும், ஈஸல் ஏறும். மாஸ்டர் டெமோவுக்குப் போட்ட உருவச்சித்திரம் ஏறாது, ஏன்னா அதை யாரும் காசு குடுத்து வாங்கல. ரெஜிஸ்டர்ல இல்லாததை யாரு பாதுகாக்கிறது? ஸ்டோர் ரூமை காலி பண்றப்ப உதவாதுன்னு கண்டெம் பண்ண பெஞ்சோட சேர்ந்து அதுவும் போயிரும். அதனால எங்க முதல் கோரிக்கை பெரிய மியூசியம் இல்ல. கலைப் படைப்புக்குன்னு தனி ரெஜிஸ்டர் ஒண்ணு போடுங்க, ஒவ்வொண்ணுக்கும் நம்பர் குடுங்க, பொறுப்புக்கு ஒரு ஆளைப் போடுங்க, அவ்வளவுதான். கட்டடம் அப்புறம் வரட்டும்.

வேற எங்கயாவது இப்படி நடந்திருக்கா?

நடந்திருக்கே. சாந்திநிகேதன்ல கலாபவனம்ங்கிற கலைப்பள்ளி 1919ல ஆரம்பிச்சது, நந்தலால் போஸ், பினோத் பிஹாரி முகர்ஜி, ராம்கிங்கர் பைஜ்னு அங்க பாடம் எடுத்தவங்களோட சுவரோவியமும் சிலையும் வளாகத்துலயே நிக்குது, பசங்க தினமும் அதைத் தாண்டித்தான் கிளாஸுக்குப் போறாங்க. மாஹேயில வளர்ந்த நம்ம சுப்பிரமணியனே அங்க டிசைன் டிபார்ட்மென்ட் கட்டடம் முழுக்க கறுப்பு வெள்ளையில வரைஞ்சிருக்காரு. பணிக்கருக்குத் திருவனந்தபுரத்துல தனி காலரி இருக்கு. அவரும் மாணவர்களும் சேர்ந்து 1966ல ஆரம்பிச்ச சோழமண்டலம் ஓவியர் கிராமத்துல, 2009ல மெட்ராஸ் ஓவியர்களோட இயக்கத்துக்குன்னு மியூசியம் திறந்தாங்க, ஈ.சி.ஆர்ல சென்னை போற பஸ்ல ஏறினா ஈஞ்சம்பாக்கத்துல இறங்கிப் பாத்துட்டுப் போகலாம். ஓவியருங்க பாடிக் துணி பண்ணி வித்து வாங்கின நிலம் அது.

போலி படம் வந்தா எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கையெழுத்தை மட்டும் நம்பாதீங்க, காப்பி அடிக்க அதுதான் சுலபம். படம் எங்கேருந்து எங்க போச்சுன்னு கேளுங்க. பின்பக்கத்தைப் பாருங்க, ஃப்ரேம் கடை லேபிள், லலித் கலா அகாடமி கண்காட்சி சீட்டு ஏதாவது ஒட்டியிருக்கலாம், பழைய கேட்டலாக்ல அந்தப் பேரும் அளவும் இருக்கான்னு ஒத்துப்பாக்கலாம். அந்த மாஸ்டர்கிட்ட நாலஞ்சு வருஷம் படிச்சவங்க ரெண்டு மூணு பேரைக் கூப்பிட்டுக் காட்டுங்க, எந்த பிரஷ், எந்த பேப்பர் வாங்குவாருன்னு அவங்களுக்குத் தெரியும். வெண்கலம்னா இன்னொரு கேள்வி: மாஸ்டர் உயிரோட இருக்கும்போது வார்த்ததா, அப்புறம் பிளாஸ்டர்லேருந்து வார்த்ததா? பின்னாடி வார்த்தது தப்பில்ல, ஆனா எந்த வருஷம் வார்த்ததுன்னு அதுலயே பொறிச்சிருக்கணும்.

வெளிநாட்டுக்கு விக்கிறதைத் தடுக்க சட்டம் இருக்கா?

1972 தொல்பொருள் சட்டம் நூறு வருஷத்துக்கு மேலான ஓவியம், சிற்பத்துக்கும், கலைச்செல்வம்னு அறிவிச்ச ரவி வர்மா, அம்ரிதா ஷெர்கில், ஜாமினி ராய், நந்தலால் போஸ் மாதிரி ஒன்பது கலைஞர்களுக்கும்தான். நம்ம தமிழ்நாட்டு மாஸ்டருங்க யாரும் அந்தப் பட்டியல்ல இல்ல. நாமதான் பாத்துக்கணும்.

பதிவு பண்ணும்போது என்னென்ன எழுதணும்?

மாஸ்டர் பேரு, வருஷம், மீடியம், அளவு சென்டிமீட்டர்ல, யாருகிட்ட இருந்துச்சு, யாரு சொன்னா, முன்பக்கம் பின்பக்கம் போட்டோ. வருஷம் உறுதியா தெரியலன்னா சுமாரா எந்தக் காலம்னு எழுதுங்க, ஊகத்தை உண்மை மாதிரி எழுதிறாதீங்க.

இன்னொண்ணு எல்லாரும் விட்டுர்றது, படத்துல இருக்கிற ஆளு யாருன்னு. கிளாஸுக்கு மாடலா வந்து மணிக்கணக்கா அசையாம உக்காந்தவங்க இருக்காங்க, பூ விக்கிற பாட்டி, மீன்பிடிக்கப் போயிட்டு வந்து மத்தியானம் உக்காந்தவரு, காலேஜ் வாட்ச்மேன். உழைப்பாளர் சிலைக்கே காலேஜ்ல வேலை பாத்தவரு நின்னதா சொல்லுவாங்க. எல்லா ரெக்கார்ட்லயும் இவங்க பேரு வயசான மனிதர், பெண் உருவம்னுதான் இருக்கு. பழைய பேட்ச்காரங்ககிட்ட போட்டோவைக் காட்டினா பேரு மட்டுமில்ல, எந்த ஊரு, ஒரு சிட்டிங்குக்கு எவ்ளோ குடுத்தாங்கங்கிறது வரைக்கும் சொல்றாங்க. பதிவுக்கு நாங்க குடுக்கிற ஃபார்ம்ல மாஸ்டர் பேருக்கு அடுத்த வரி மாடல் பேரு, அதைக் காலியா விட்டு அனுப்பாதீங்க, ரெண்டு பேருகிட்டயாவது கேட்டுட்டு அனுப்புங்க.